லுட்டேசியம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: மேர்க்கெல் கலப் புற்றுநோயோடு எங்கள் அனுபவம்

கதிரியக்க மருந்தை நாளத்தில் ஏற்றிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யலாம் என்று ஒரு வைத்தியர் சொன்னால், வீட்டார் முதலில் கேட்க வேண்டியது, உடம்பில் இருக்கும் கட்டிகள் அத்தனையும் ஸ்கானில் தெரிகின்றனவா என்பதே. என் கணவருக்குத் தோலில் தோன்றும் மேர்க்கெல் கலப் புற்றுநோய் வந்து உடலெங்கும் பரவிய பிறகு லுட்டேசியம்-177 டோட்டடேட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அந்தச் சிகிச்சை முழுவதிலும் பக்கத்தில் இருந்தவள் என்ற முறையில், பிற்பாடு நடந்த நல்லதும் கெட்டதும் அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலிலிருந்தே வந்தன என்று உறுதியாகச் சொல்வேன். இதே மருந்து, சுரப்புகளை வெளியிடும் நரம்பு போன்ற கலங்களில் தோன்றும் நரம்பு-அகஞ்சுரப்பிக் கட்டிகள் எனப்படும் வேறு வகைப் புற்றுநோய்களுக்காக இந்தியாவிலும் நம்மவர்கள் குடியேறிய பல நாடுகளிலும் கொடுக்கப்படுகிறது. ஆகவே என் கணவருக்கு வந்த நோய் நம்மவர்களிடையே மிக அரிது என்றாலும், வீட்டிலும் வைத்தியசாலையிலும் நாங்கள் கற்றுக்கொண்டவை பலருக்கு உதவும் என்று நம்புகிறேன். நான் வைத்தியத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. இங்கே எழுதுபவற்றை உங்கள் வைத்தியரிடம் கேட்பதற்கான கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர், ஐரிஷ் வம்சாவளியினர், வேலைக்காலம் முழுவதையும் வெயிலில் கழித்த நில அளவையாளர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து அவரை மணந்தேன். மேர்க்கெல் கலப் புற்றுநோய் உலகிலேயே அதிகமாகக் காணப்படும் நாடுகளில் அவுஸ்திரேலியா முன்னணியில் நிற்கிறது. அதிலும் குயின்ஸ்லாந்தின் வெயிலும் வெள்ளைத் தோலும் சேருமிடத்தில் இந்த நோய் கூடுதலாகவே வருகிறது. சிரில் டோக்கர் என்ற நோயியலாளர் 1972இல் இதை முதன்முதலாக விவரித்தார். 2008இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பற்றிக் மூர் ஆகியோரின் குழு இந்தக் கட்டிகளுக்குள் ஒரு புதிய வைரசைக் கண்டறிந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பத்தில் எட்டுக் கட்டிகளுக்கு அந்த வைரஸ் காரணமாக இருக்க, அவுஸ்திரேலியாவில் பெரும்பாலானவற்றுக்கு வெயிலின் புறஊதாக் கதிர்களே காரணமாகின்றன.

அவருடைய இடது முன்னங்கையில் தோன்றிய கட்டி சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில், தொட்டால் கெட்டியாக, சிறிதும் வலியின்றி இருந்தது. நாங்கள் முதலில் போன சிகிச்சை நிலையத்தில் அதை ஒரு சாதாரண நீர்க்கட்டி என்று சொல்லி, சில கிழமைகள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அந்தச் சில கிழமைகளுக்குள் அது இரண்டு மடங்காகிவிட்டது. இந்த நோயில் இது புதிதல்ல என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்: 195 நோயாளிகளைப் பற்றி 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பாதிக்கு மேற்பட்டோரின் கட்டியை முதலில் பார்த்த வைத்தியர் தீங்கற்றது என்றே கருதியிருந்தார். வலியின்மை, விரைந்த வளர்ச்சி, நோயெதிர்ப்புச் சக்திக் குறைவு, ஐம்பதைத் தாண்டிய வயது, வெயில் படும் இடம் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று அந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது. ஆகவே ஒரு கட்டி வலிக்கவில்லை என்பதால் ஆறுதல் அடைய வேண்டாம். கறுப்பான தோலுள்ளவர்களுக்கு இது அரிதாகவே வரும். ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் குளிசைகளை எடுப்பவர்களும், நாட்பட்ட நிணக்கல வெண்குருதிப் புற்றுநோய் உள்ளவர்களும் எந்த நிறத்தவராயினும் தோலில் விரைவாக வளரும் எதையும் வெட்டிப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

சத்திரசிகிச்சை, புற்றுநோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் அக்குளின் காவல் நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதித்தல், பிறகு வெளியிலிருந்து கதிர்வீச்சு என்று முதற்கட்டம் முறையாகவே நடந்தது. ஓராண்டுக்குள் வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களிலும் இடுப்பெலும்பிலும் நோய் திரும்பியது. இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஏற்றப்படும் அவலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து தொடங்கப்பட்டது. பரவிய மேர்க்கெல் நோய்க்கென அமெரிக்காவில் 2017இல் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து அது. அதற்கு முன்னர் வேதிமருந்துகளே இருந்தன. அவை கட்டிகளை வேகமாகச் சுருக்கும், ஆனால் சில மாதங்களிலேயே நோய் மீண்டுவிடும். புதிய வகை மருந்துகள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலன் தருகின்றன, பலன் கிடைத்தவர்களில் பலருக்கு அது நீண்டகாலம் நிலைக்கிறது. அவருக்கும் முதலில் நன்றாகவே கேட்டது. பிறகு இடுப்பு வலி திரும்பவும் தொடங்கியது. ஸ்கானில் கணுக்கள் பெருத்திருந்தன.

அந்த நிலையில்தான் லுட்டேசியம் பற்றிய பேச்சு வந்தது. மேர்க்கெல் கலப் புற்றுநோய் தோலில் தோன்றினாலும் அதன் கலங்கள் நரம்பு-அகஞ்சுரப்பிக் கலங்களின் குணங்களைக் கொண்டவை. அவற்றுள் பலவற்றின் மேற்பரப்பில் சோமாடோஸ்டாடின் என்ற இயற்கைச் சுரப்பைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் இருக்கின்றன. டோட்டடேட் என்பது அந்தச் சுரப்பைப் போலச் செய்யப்பட்ட ஒரு சிறு புரதத்துண்டு. அதோடு கலியம்-68 அணுவைச் சேர்த்து ஏற்றினால் அந்த வாங்கிகள் உள்ள இடங்கள் பெட் (PET) ஸ்கானில் ஒளிரும். கலியத்தின் அரைவாழ்வு 68 நிமிடங்கள்தான் என்பதால் அது படம் எடுப்பதற்கு மட்டுமே பயன்படும். அதே புரதத்துண்டோடு லுட்டேசியம்-177 அணுவைச் சேர்த்தால் அது சிகிச்சையாகிறது. லுட்டேசியத்தின் அரைவாழ்வு ஆறரை நாளுக்குச் சற்று அதிகம். அதிலிருந்து வெளிவரும் பீற்றாத் துகள்கள் உடலிழையத்தில் அதிகபட்சம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர், அதாவது ஒரு நெல்மணியின் அகலம் வரைதான் செல்லும். கட்டியில் ஒட்டிக்கொண்ட மருந்து கட்டியைச் சுடும், சற்றுத் தள்ளி இருக்கும் நல்ல இழையத்தை அதிகம் தொடாது. மேர்க்கெல் கட்டிகள் கதிர்வீச்சுக்கு இலகுவில் மசியும் தன்மை உடையவை என்பதும் இந்த வழிக்கு ஒரு நியாயத்தைக் கொடுக்கிறது.

இனி அந்த முதற்கேள்விக்கு வருகிறேன். அணு மருத்துவ நிபுணர் எங்கள் இருவரையும் தன் கணினித் திரைக்கு முன்னே அமர்த்தி, என் கணவரின் உடம்பின் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று சர்க்கரை போன்ற ஒரு பொருளை ஏற்றி எடுக்கும் வழக்கமான பெட் ஸ்கான். வேகமாக வளரும் கலங்கள் சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவதால் அதில் மூர்க்கமான கட்டிகள் கறுத்துத் தெரியும். மற்றது கலியம் டோட்டடேட் ஸ்கான். இடுப்பெலும்பில் இருந்த கட்டி இரண்டு படங்களிலும் அழுத்தமாகத் தெரிந்தது, வயிற்றுக் கணுக்களும் அப்படியே. ஆனால் முதுகின் வலப்புறத்தில் தோலுக்கடியில் இருந்த ஒரு சிறு கட்டி முதற்படத்தில் கறுத்துத் தெரிய, இரண்டாவது படத்தில் மங்கலாகவே இருந்தது. நிபுணர் அந்த இடத்தில் பேனாவை வைத்து, "இதற்கு இந்த மருந்து போய்ச் சேராது. இதை வேறு வழியில்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

அன்றைக்கு அவர் ஒளிவுமறைவின்றி அதைக் காட்டியதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மெதுவாக வளரும் குடற் கட்டிகள் பலவற்றில் எல்லாக் கட்டிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒளிரும். மேர்க்கெல் போன்ற வேகமான நோயில் ஒரே உடம்பில் ஒரு கட்டி ஒளிர, இன்னொன்று ஒளிராமல் இருக்கும். ஒளிராத கட்டிகளே பல சமயங்களில் மிக மூர்க்கமானவை. ஆகவே ஒரு ஸ்கானை மட்டும் எடுத்து, "வாங்கி இருக்கிறது, மருந்து கொடுக்கலாம்" என்று முடிவெடுத்தால் நோயின் ஒரு பகுதி கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டு ஸ்கான்களும் எடுக்கப்பட்டனவா, அவை கிட்டிய காலத்தில் எடுக்கப்பட்டனவா, இரண்டும் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். ஒளியின் அளவைச் சொல்வதற்குக் கிரெனிங் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. கட்டி ஈரலின் அளவுக்கு ஒளிர்ந்தால் இரண்டு, ஈரலைவிட அதிகம் என்றால் மூன்று, மண்ணீரலையும் விஞ்சினால் நான்கு. பொதுவாக ஈரலைவிட அதிகம் ஒளிரும் கட்டிகளுக்கே இந்தச் சிகிச்சை நல்ல பலன் தரும் என்று கருதுகிறார்கள். அறிக்கையில் இந்த எண் இல்லையென்றால் வாய்விட்டுக் கேட்கலாம். அப்படிக் கேட்டதற்காக எந்த நிபுணரும் எங்களிடம் முகம் சுளிக்கவில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்து ஐரோப்பாவில் 2017இலும் அமெரிக்காவில் 2018 ஜனவரியிலும் அனுமதி பெற்றது இரைப்பை, குடல், கணையம் ஆகியவற்றின் நரம்பு-அகஞ்சுரப்பிக் கட்டிகளுக்காகவே. அந்த அனுமதிக்கு அடிப்படையான நெற்றர்-1 என்ற ஆய்வில் 229 குடற்கட்டி நோயாளிகள் பங்கேற்றார்கள். இருபதாவது மாதத்தில், லுட்டேசியம் பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கு நோய் முற்றாமல் இருந்தது, ஒப்பீட்டுக் குழுவில் அது 11 சதவீதத்துக்கும் குறைவு. இணையத்தில் தேடினால் இந்த எண்கள்தான் முதலில் கண்ணில் படும். ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் ஒரு நோயின் எண்கள் அவை. கிழமைக்கணக்கில் வளரும் மேர்க்கெல் நோய்க்கு அவற்றைப் பொருத்திப் பார்த்து நம்பிக்கை கொள்வது சரியாகாது. மேர்க்கெல் நோயில் இந்த மருந்தைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகள் பற்றிய குறிப்புகளும் சிறிய தொகுப்புகளும்தான். மெல்பேர்ணின் பீற்றர் மெக்கலம் புற்றுநோய் நிலையத்தின் தலைமையில், அவலுமாப் மருந்தோடு வெளிக்கதிர்வீச்சையோ லுட்டேசியத்தையோ சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் கோதம் என்ற மருத்துவ ஆய்வு நடத்தப்பட்டது. இப்படிப்பட்ட நோய் உள்ளவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும், தங்களுக்குப் பொருந்தும் ஆய்வு ஏதும் ஆட்களைச் சேர்க்கிறதா என்று கேட்க வேண்டும். என் கணவருக்கு அந்த நேரத்தில் ஆய்வு எதுவும் பொருந்தவில்லை. சிறப்பு அனுமதியின் பேரில், ஆய்வுக்கு வெளியே அவருக்கு மருந்து கிடைத்தது.

நிபுணர் குணமாகிவிடும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வலி குறையலாம், கட்டிகள் சுருங்கலாம், காலம் கிடைக்கலாம் என்று மூன்றைச் சொன்னார். "காலம் என்றால் எவ்வளவு?" என்று நான் கேட்டதற்கு, "உங்களுக்கு ஓர் எண்ணைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்" என்று பதில் வந்தது. அவரை நான் நம்பத் தொடங்கியது அந்தப் பதிலால்தான். முடிவை எடுத்தவர் என் கணவர். இடுப்பு வலியால் இரவில் தூக்கமின்றித் தவித்துக்கொண்டிருந்தவருக்கு, வலி குறையும் என்ற ஒரு வாய்ப்பே போதுமானதாக இருந்தது.

சிகிச்சைக்கு முன்னர் சிறுநீரகம், ஈரல், குருதிக் கலங்களை உண்டாக்கும் எலும்பு மச்சை ஆகியவை தாங்குமா என்று குருதிப் பரிசோதனைகளால் பார்த்தார்கள். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது அதன் ஒரு பங்கு அங்கேயே தங்கிக் கதிர்வீச்சைக் கொடுக்கும் என்பதால் சிறுநீரகத்தின் நிலை மிக முக்கியம். நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் நம்மவர்களிடையே பரவலாக இருப்பதனால், இந்தச் சிகிச்சைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சோமாடோஸ்டாடின் வகை மாத ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதைச் சிகிச்சைக்கு நான்கு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊசி மருந்தே வாங்கிகளில் போய் அமர்ந்துகொள்ளும். என் கணவர் அந்த ஊசி எடுக்கவில்லை, ஆனால் குடற்கட்டி நோயாளிகள் பலர் எடுக்கிறார்கள்.

மருந்து ஏற்றும் நாளைப் பற்றி நாங்கள் பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. லுட்டேசியம் ஏற்றுவது அரைமணி நேர வேலை. ஈயக் கவசத்துக்குள் வைத்து உருட்டிக்கொண்டு வரப்பட்ட சிறு கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைப் போலத் தெளிந்த ஒரு திரவம் இருந்தது. அளவு 7.4 கிகாபெக்கரல், பழைய கணக்கில் 200 மில்லிகியூரி. எட்டுக் கிழமைக்கு ஒருமுறையாக நான்கு முறை கொடுப்பது வழக்கமான திட்டம். அது உள்ளே போகும்போது அவருக்கு எதுவுமே தெரியவில்லை, கை சற்றுக் குளிர்ந்ததாக மட்டும் சொன்னார். அவரைப் படாதபாடு படுத்தியது சிறுநீரகத்தைக் காப்பதற்காக ஏற்றப்படும் அமினோ அமிலக் கரைசல். லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமிலங்கள் ஒவ்வொன்றும் 25 கிராம் கலந்த அந்தக் கரைசலை, லுட்டேசியத்துக்கு அரைமணி நேரம் முன்னரே தொடங்கி நாலு மணி நேரத்துக்கு மேலாக ஏற்றினார்கள். சிறுநீரகம் லுட்டேசியத்தை உறிஞ்சும் இடங்களை அந்த அமிலங்கள் முதலில் பிடித்துக்கொள்வதால் அங்கே தங்கும் கதிர்வீச்சு குறைகிறது. ஆனால் அது வயிற்றைப் புரட்டும். முதல் முறை அவர் ஓங்காளித்து, சத்தி எடுத்து, சோர்ந்து போனார். குமட்டலுக்கான மருந்து முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தும் போதவில்லை.

இரண்டாம் முறைக்கு முன்னர் நான் தாதியிடம் இதைச் சொல்லி வைத்தேன். அவர் குமட்டல் மருந்தின் வகையை மாற்றுவது பற்றி வைத்தியரிடம் பேசினார். கரைசல் ஏறும் வேகத்தையும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் குறைத்தார். அந்த முறை வாந்தி வரவில்லை. காலையில் எண்ணெய் இல்லாத சிறிய உணவு, இஞ்சித் துண்டு, அதிகம் தண்ணீர் என்பவை உதவின என்று என் கணவர் நம்புகிறார். எனக்குத் தெரிந்தவரை உண்மையில் உதவியவை மருந்து மாற்றமும் வேகக் குறைப்பும்தான். முதல் முறை பட்ட சிரமத்தை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறைக்கு முன்பே சொல்லுங்கள். மருந்து நாளன்று காலையில் சொன்னால் எதையும் மாற்ற நேரம் இருக்காது.

அந்த அறையில் நான் அவருடைய கட்டிலருகே இருக்க அனுமதியில்லை. வாசலுக்கு வெளியே, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்று பேசலாம். தாதிகள் சட்டையில் கதிர் அளவியைக் குத்திக்கொண்டு, தேவையானபோது மட்டும் உள்ளே போய் விரைவாக வெளியே வந்தார்கள். லுட்டேசியம் பீற்றாத் துகள்களோடு சிறிதளவு காமாக் கதிர்களையும் வெளியிடுகிறது, அவை உடம்பைத் தாண்டி வெளியே வரும். அதே காமாக் கதிர்களை வைத்துத்தான் மறுநாள் படமும் எடுக்கிறார்கள். மருந்து எங்கெங்கே போய்த் தங்கியிருக்கிறது என்பதை அந்தப் படம் காட்டும். அதையும் கேட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பில் மருந்து திரண்டு நின்றதையும், முதுகுக் கட்டியில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாததையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம். முன்னர் கலியம் ஸ்கான் சொன்னது அப்படியே நடந்திருந்தது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டே முதுகுக் கட்டிக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுக்கும் திட்டத்தை, அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே தொடங்கினார்கள்.

வீட்டு ஏற்பாடுகளைப் பற்றி வைத்தியசாலையில் ஒரு தாள் தந்தார்கள். ஒவ்வொரு நாட்டிலும் விதிகள் சற்று வேறுபடும், உங்களுக்குத் தரப்படும் தாளில் உள்ளதே உங்களுக்குச் சட்டம். உடலில் ஏற்றிய மருந்தில் பாதிக்கு மேல் முதல் 24 மணி நேரத்திலேயே சிறுநீரோடு வெளியேறிவிடும் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விடக் கழிவறைதான் முக்கியமான இடம். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும், மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கழிவறைகள் இருந்ததால் ஒன்றை முழுதாக அவருக்கே விட்டோம். ஒரே கழிவறை உள்ள வீட்டில் என்ன செய்வது என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர் கசிவு இருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்; உறிஞ்சும் உள்ளாடைகளைச் சாதாரணக் குப்பையில் போட முடியாது, சில நாட்கள் தனியே வைத்திருக்க வேண்டிவரும். படுக்கை தனி, துவாய் தனி, அவருடைய உடுப்புகளைத் தனியே துவைத்தேன். ஒரு மீற்றருக்கு அப்பால் இருந்து பேசுவதும், சாப்பாடு பரிமாறுவதும், ஒன்றாகத் தொலைக்காட்சி பார்ப்பதும் தடையில்லை. தூரம் சற்றுக் கூடினாலே வாங்கும் கதிர்வீச்சு வெகுவாகக் குறைந்துவிடும் என்று கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் விளக்கினார். ஒரு மீற்றரிலிருந்து இரண்டு மீற்றருக்குப் போனால் அது ஏறத்தாழ நாலில் ஒன்றாகிறது.

எங்களுக்குக் கடினமாக இருந்தது மகளை வராமல் தடுத்தது. அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. "அம்மா, நான் கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேனே" என்று கெஞ்சினாள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தாளில் சொல்லப்பட்ட நாட்கள் முடியும் வரை கிட்ட வரக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கதவடியில் சில நிமிடங்கள் நிற்பதால் பெரிய தீங்கு வராது என்று அலுவலரே சொல்லியிருந்தார். ஆனால் கதவடி வரை வந்த மகள் அப்பாவின் முகத்தைக் கண்டதும் அங்கேயே நின்றிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால், அந்த நாட்களில் யார் எங்கே தங்குவது என்பதை மருந்துத் தேதி குறிக்கப்படும் நாளிலேயே முடிவு செய்து, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா தொலைபேசியில், "எடி பிள்ளை, அந்தக் கதிர் உனக்கும் தொத்தாதோ? நீ கிட்டப் போகாதை" என்று அழுதா. அவவுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கதிர்வீச்சு நோயைப் போலத் தொற்றாது. நாளுக்கு நாள் அது தானாகவே குறையும். ஆறரை நாளுக்கொருமுறை பாதியாகும், சிறுநீரோடு போவதையும் சேர்த்தால் அதைவிட வேகமாகக் குறையும். நோயாளியைத் தீண்டத்தகாதவர் போல நடத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை. முதல் கிழமையில் அவர் தனியறையில் படுத்திருந்தபோது, வாசலில் கதிரை போட்டு அமர்ந்து நான் பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். அவருக்கு அது மருந்தைப் போலவே தேவைப்பட்டது.

பக்கவிளைவுகளில் அவரை நீண்டநாள் வாட்டியது களைப்பு. மருந்து ஏற்றிய முதல் இரண்டு கிழமை சமாளித்துவிடுவார், மூன்றாம் கிழமையில் நாற்காலியை விட்டு எழவே மனம் வராது. முடி சற்று மெலிந்தது, கொட்டவில்லை. குருதியில் நிணக்கலங்களும், குருதி உறைய உதவும் சிறுதட்டுகளும் குறைந்தன. மூன்றாவது தவணைக்கு முன்னர் சிறுதட்டுகளின் எண்ணிக்கை மிகவும் கீழே போனதால் சிகிச்சையைத் தள்ளி வைத்தார்கள், பிறகு அளவையும் குறைத்துக் கொடுத்தார்கள். நான்காவது தவணை கொடுக்கப்படவில்லை. சிகிச்சை தள்ளிப் போகும் ஒவ்வொரு கிழமையும் நோய் முந்திவிடுமோ என்ற பயம் எங்களைத் தின்றது. ஆனால் எலும்பு மச்சையைக் கெடுத்துக்கொண்டால் அடுத்து வரக்கூடிய எந்தச் சிகிச்சைக்கும் உடம்பு தாங்காது என்று நிபுணர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குச் சில ஆண்டுகளின் பின்னர் எலும்பு மச்சை நோயோ வெண்குருதிப் புற்றுநோயோ வரலாம். மெதுவாக வளரும் கட்டி உள்ள, வயது குறைந்தவர்கள் அதைப் பாரதூரமாக எடைபோட வேண்டும். எழுபதைத் தாண்டிய, நோய் விரட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு அந்த அபாயம் தொலைவில் நின்றது. ஒரே எண் இருவருக்கு ஒரே பொருளைத் தராது என்பதை வைத்தியரோடு பேசும்போது நினைவில் வைத்திருங்கள்.

பலன் என்னவென்றால், முதல் தவணைக்குப் பிறகே இடுப்பு வலி தணியத் தொடங்கியது. வலிக்குக் கொடுத்த மோர்பின் அளவைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. வயிற்றுக் கணுக்கள் சுருங்கின. முதுகுக் கட்டி வெளிக்கதிர்வீச்சில் அடங்கியது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவர் குழந்தையை மடியில் வைத்திருந்தார். அந்த நாட்கள் லுட்டேசியம் கொடுத்தவை என்று நான் நம்புகிறேன். அவலுமாபின் எஞ்சிய பலனும் அதில் இருந்திருக்கலாம் என்று வைத்தியர் சொல்வதையும் ஏற்றுக்கொள்கிறேன். நோய் போய்விடவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கொருமுறை இரண்டு வகை ஸ்கான்களும் எடுக்கிறார்கள். புதிதாக ஏதாவது தோன்றினால் அது டோட்டடேட் படத்தில் ஒளிர்கிறதா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்க்கிறோம். ஒளிர்ந்தால் மீண்டும் இதே வழியில் போகலாம். பீற்றாத் துகளுக்குப் பதிலாக, மிகக் குறுகிய தூரம் சென்று அதிக வலுவோடு தாக்கும் அல்ஃபாத் துகள்களை வெளியிடும் அக்டினியம்-225 சேர்த்த மருந்துகளும் மருத்துவ ஆய்வுகளில் இருக்கின்றன. ஒளிராவிட்டால் வேறு வழி தேட வேண்டும்.

கடைசியாகச் சில சிறிய விடயங்கள். சிகிச்சை பெற்றவர் எந்த மருந்தை, எந்தத் தேதியில், எவ்வளவு பெற்றார் என்று எழுதிய கடிதத்தை அணு மருத்துவப் பிரிவிலிருந்து வாங்கி, அவருடைய பணப்பையிலேயே வைத்திருங்கள். விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் உள்ள கதிர் உணரிகள் மிக நுட்பமானவை. சிகிச்சை முடிந்து பல கிழமைகள் கழிந்தும் அவை ஒலிக்கக்கூடும். அதைவிட முக்கியமாக, மருந்து ஏற்றிய சில நாட்களுக்குள் திடீரென்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், வாசலிலேயே அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும். அவருக்கு ஒருநாள் இரவில் காய்ச்சல் வந்து அம்புலன்சை அழைத்தபோது, நான் முதலில் நீட்டியது அந்தக் கடிதத்தைத்தான். அம்புலன்ஸ் ஊழியர் அதை வாசித்து, வைத்தியசாலைக்கு முன்கூட்டியே தகவல் சொன்னார். தனியறை தயாராக இருந்தது, சிகிச்சையில் ஒரு நிமிடமும் தாமதம் ஏற்படவில்லை. ஸ்கான் படங்களின் பிரதியையும், குருதிப் பரிசோதனை எண்களைத் தேதிவாரியாக எழுதிய ஒரு கொப்பியையும் நான் தனியே வைத்திருக்கிறேன். வைத்தியர்கள் மாறுவார்கள், வைத்தியசாலைகளின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. சிறுதட்டுகள் எப்போது எவ்வளவு குறைந்தன என்று புதிய வைத்தியர் ஒருவர் கேட்டபோது அந்தக் கொப்பியிலிருந்துதான் பதில் சொன்னேன். அதைப் பார்த்துத்தான் மூன்றாவது தவணையின் அளவை முடிவு செய்தார்கள்.